மூளைப் படம் என் மாத்திரையைத் தெரிவு செய்யுமா?

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஆசிரியை, வயது 36. பெயரையும் தோட்டத்தையும் விட்டுவிடுகிறேன். டிவிசன் பெயரைச் சொன்னாலே மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஊர் நம்முடையது.

கடிதத்தின் சாரம் இது. தகப்பனார் இறந்து சில மாதங்களில் தொடங்கிய மனச்சோர்வு பதினான்கு மாதங்களாகத் தொடர்கிறது. தூக்கம் விடியற்காலை மூன்று மணியோடு கலைந்துவிடுகிறது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துபோகிறது. அரச வைத்தியசாலை கிளினிக்கில் முதலில் செர்ட்ரலின் கொடுத்தார்கள், வயிற்றைப் பிரட்டியதால் பதினெட்டு நாளில் நிறுத்திவிட்டார். பிறகு ஐந்து மாதம் ஃபுளுஒக்செட்டின். மாத்திரை பழகிப்போய்விடும் என்று மாமியார் சொன்னதால் அதை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்கியிருக்கிறார். இடையில் மண்சரிவால் பாதை அடைபட்டு ஒன்றரை மாதம் கிளினிக் தவறியது. கத்தாரில் வேலை செய்யும் தம்பி ஒரு காணொளியை அனுப்பி, "அக்கா, அமெரிக்காவில் மூளையைப் படம் பிடித்து எந்த மருந்து சரிவரும் என்று சொல்லிவிடுகிறார்கள்" என்றிருக்கிறார். கொழும்பில் விசாரித்தபோது, படமும் கணினி அறிக்கையும் சேர்த்து 240,000 ரூபா என்று ஒரு தனியார் நிலையம் சொல்லியிருக்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். கிளினிக் டாக்டரிடம் கேட்டபோது "தேவையில்லை" என்ற ஒரே சொல்தான் பதில். "நாங்கள் தோட்டத்து ஆட்கள் என்பதால்தான் இப்படியா, டாக்டர் அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும். மூன்றாம் பக்கத்தின் அடியில், பிள்ளைகளின் சீருடை பற்றிய வரிக்கும் சம்பளக் கடன் பற்றிய வரிக்கும் நடுவில், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று சில நாள் விடியற்காலையில் தோன்றுகிறது" என்று எழுதி, அதன் மேல் கோடு இழுத்து அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் அதைப் படிக்க முடிகிறது. நான்கு பக்கத்திலும் எனக்கு முக்கியமான வரி அதுதான். வெட்கப்பட்டு அடித்தீர்களோ, பயந்து அடித்தீர்களோ தெரியாது. இரண்டுக்கும் அவசியமில்லை. மனச்சோர்வு வந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது நோயின் பகுதி, உங்கள் குணத்தின் பகுதி அல்ல. ஆனால் அது கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கும் செய்தியும் அல்ல. இந்த வாரமே போய், அதே சொற்களில், அடிக்காமல் சொல்லுங்கள். விடியற்காலையில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஆபத்தான கட்டம் என்றால் 1990, அம்புலன்ஸ் இலவசம். சொன்னால் பொலிஸ் வரும் என்ற பயம் நம் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் கணவர் லீக்ஸ் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பூச்சிமருந்துப் போத்தல் வீட்டில் எங்கோ இருக்கும். அதை இன்றைக்கே வேறொருவர் வீட்டுக்கு, பூட்டுள்ள இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இது உங்கள் மேல் நம்பிக்கையில்லாமல் சொல்வதல்ல. 1995இல் உச்சத்தில் இருந்த இந்நாட்டின் தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எழுபது வீதம் குறைந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததே அதற்குப் பெருங்காரணம். அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

இனி உங்கள் கேள்வி.

படம் எதைக் காட்டும்

தம்பி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நடக்கிற ஆராய்ச்சிதான். ஆனால் ஆராய்ச்சிக்கும் உங்கள் மருந்துச்சீட்டுக்கும் இடையில் இன்னும் ஏறாத மலை இருக்கிறது.

வைத்தியசாலையில் சாதாரணமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் கட்டமைப்பைக் காட்டும். கட்டி, இரத்தக்கசிவு, பழைய அடைப்பு இருந்தால் தெரியும். மனச்சோர்வு அதில் தெரியாது. நீங்கள் கேள்விப்பட்டது வேறு வகை. மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்யும்போது அங்கே பிராணவாயு நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும், அந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் அளக்க முடியும். எதிர்மலையில் நின்று லயத்தைப் பாருங்கள். எந்தக் காம்பராவில் அடுப்பு எரிகிறது என்று புகையை வைத்துச் சொல்லிவிடலாம். எந்த இரண்டு வீட்டில் எப்போதும் ஒரே நேரத்தில் புகை எழுகிறது என்பதையும் கவனித்து, இந்த இரண்டு வீட்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று ஊகிக்கலாம். அடுப்பில் என்ன வேகிறது, வீட்டில் சண்டையா சமாதானமா என்பது அங்கிருந்து தெரியாது. இந்த வகைப் படமும் அப்படித்தான். அது காட்டுவது புகையை.

புகையை வைத்தே சில நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் ஹெலன் மேபெர்க் குழுவினர் 2013இல் ஒன்றை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முன் மூளை எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று வேறொரு கருவியால் படம் பிடித்தார்கள். இன்சுலா என்ற பகுதியின் வலது முன்பக்கம் மந்தமாக இருந்தவர்கள் பேச்சு வழிச் சிகிச்சையில் தேறினார்கள். அதே இடம் மும்முரமாக இருந்தவர்கள் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையில் தேறினார்கள். படித்தபோது எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தது 38 பேரின் படம்.

2024இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லீன் வில்லியம்ஸ் குழு இன்னும் பெரிய ஆய்வைக் கொண்டுவந்தது. மனச்சோர்வும் பதற்றமும் உள்ள 801 பேரின் மூளையை, சும்மா படுத்திருக்கும்போதும் சில வேலைகளைச் செய்யும்போதும் படம் பிடித்து, ஆறு வகையாகப் பிரித்தார்கள். அவர்களில் 250 பேருக்கு மூன்று மருந்துகளில் ஒன்றோ பேச்சு வழிச் சிகிச்சையோ கிடைத்தது. சிந்தனைக்கான பகுதிகள் அளவுக்கு மீறி உழைக்கும் ஒரு வகையினருக்கு வென்லாஃபெக்சின் கூடுதலாக உதவியது. வேறொரு வகையினர் பேச்சு வழிச் சிகிச்சையில் நன்றாகத் தேறினார்கள். தம்பி பார்த்த காணொளி பெரும்பாலும் இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதில் உங்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. "ஒரே யோசனை, நிறுத்த முடியாத யோசனை" என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா படுக்கச் சொன்னால், தன்னைப் பற்றியும் பழையதைப் பற்றியும் அசைபோடும் பகுதிகள் மூளையில் ஒன்றாகக் கிளம்பும். மனச்சோர்வில் சிலருக்கு அந்தக் கூட்டு இறுகிவிடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக "யோசனை" என்று சொல்லிவருவதை அவர்கள் இப்போது அளந்து பார்க்கிறார்கள்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் ஆசிரியை, இப்படிப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் உங்கள் பாடசாலையின் சராசரி பக்கத்துத் தோட்டப் பாடசாலையைவிட இரண்டு புள்ளி கூட என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையான வித்தியாசம்தான். ஆனால் பெயரில்லாத ஒரு விடைத்தாளை உங்கள் கையில் கொடுத்து, இது எந்தப் பாடசாலைப் பிள்ளையுடையது என்று கேட்டால் சொல்வீர்களா? மூளைப் படத்தின் சிக்கல் அதேதான். கூட்டத்தின் சராசரியில் வித்தியாசம் இருக்கிறது, தனியாளைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஜெர்மனியில் 2022இல் 1,809 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். மருந்து தெரிவு செய்வதைக்கூட விடுங்கள், இவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்பதையே படத்தை மட்டும் வைத்து 54 முதல் 56 வீதம்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

கணக்குப் போடும் விதத்தில் அசட்டையாக இருந்தால் இந்த இயந்திரம் எதை வேண்டுமானாலும் காட்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2009இல் சில அமெரிக்க ஆய்வாளர்கள் செத்துப்போன சாமன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட புள்ளிவிபரத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது அந்த மீனின் மூளையிலும் "செயற்பாடு" தெரிந்தது! வேடிக்கைக்காகச் செய்ததல்ல, சக ஆய்வாளர்களை எச்சரிக்கச் செய்தது. வண்ணப் புள்ளிகளோடு யாராவது உங்களிடம் ஓர் அறிக்கையை நீட்டினால் அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சையிலும் படத்தை வழிகாட்டியாக வைக்கிறார்கள். அங்கேயும் கதை நேராகப் போகவில்லை. ஒரு சிறு ஆய்வில் பிரமிக்க வைக்கும் பலன் வந்தது. 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 255 பேரில், மூளைப் பகுதிகளின் இணைப்பைப் பார்த்துக் குறிவைத்ததற்கும் சாதாரணப் படத்தை வைத்துக் குறிவைத்ததற்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

தோட்டத்து ஆட்கள் என்பதால்தானா?

இந்தச் சந்தேகத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். 1948இல் குடியுரிமையையே பறிகொடுத்த மக்களின் பேத்தி நீங்கள். "உங்களுக்குத் தேவையில்லை" என்ற சொல்லை நம் ஆட்கள் எத்தனை மேசைக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள்! சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இந்த விடயத்தில் அது பொருந்தாது. மனச்சோர்வுக்கு மருந்து தெரிவு செய்ய மூளைப் படம் இன்னும் தயாரில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நிபுணர் குழுவே 2012இல் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் நம்பிக்கையைக் கூட்டியிருக்கின்றன, அந்த முடிவை மாற்றவில்லை. கொழும்பு ஏழில் பங்களா வைத்திருப்பவர் வந்து கேட்டாலும் நான் இதையே சொல்வேன்.

உங்கள் டாக்டர் தவறியது வேறு இடத்தில். "தேவையில்லை" என்பது முடிவு, விளக்கம் அல்ல. அதையும் அவர் சிங்களத்தில் சொல்ல, சிற்றூழியர் தமிழில் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் படத்தைவிடப் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம். நம் வழக்கில் "யோசனை" என்றால் துக்கம் தலைக்குள் சுற்றுவது. மொழிபெயர்ப்பவர் அதை "இவர் நிறைய யோசிக்கிறார்" என்று சொன்னால் படித்த பெண்ணுக்கு அது பாராட்டுப் போலக்கூடக் கேட்கும். "நெஞ்சு அடைக்கிறது" என்றால் இருதயப் படம் எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. உங்கள் நோயைத் தமிழில் சொல்லவும், சிகிச்சையைத் தமிழில் விளங்கிக்கொள்ளவும் கேட்பது சலுகை அல்ல. தமிழ் தெரிந்த உளநல வைத்திய அதிகாரி அங்கே இல்லை என்றால், இருக்கிற இடத்துக்குக் கடிதம் தரும்படி கேட்கலாம். நுவரெலியா, கண்டி, பேராதனை, பதுளை ஆகிய பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு, சிகிச்சைக்குப் பணம் இல்லை. கேட்கும்போது கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. அந்த இளம் டாக்டரும் ஒரு காலையில் எத்தனை கொப்பி பார்க்கிறாரோ.

படம் மருந்துக்கா, மாமியாருக்கா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். "படத்தில் தெரிந்தால் வீட்டில் நம்புவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் இதைச் சோம்பல் என்கிறார், பிறகு காற்றுக் கருப்பு என்று கோடாங்கியை அழைத்து உடுக்கை அடித்துக் கயிறு கட்டினார். கணவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆகவே நீங்கள் தேடுவது சாட்சி. மனிதர்கள் நம்பாததை இயந்திரம் சொன்னால் நம்புவார்கள் என்று இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கொடுக்கத் துணிந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் வருத்தமாக இருந்தது, அந்த விலையைச் சொன்னவர்கள் மேல் கோபம் வந்தது.

அந்தச் சாட்சி உங்களைக் கைவிடும். உங்கள் வயதில், வேறு அறிகுறி எதுவும் இல்லாத நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை" என்ற வரியோடு அறிக்கை வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதை மாமியார் கையில் கொடுத்தால் என்ன சொல்வார் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இல்லையென்றால் ஒரு சிறு நீர்க்கட்டி, வயதோடு வரும் ஒரு வெள்ளைப் புள்ளி, எதுவும் செய்யாத ஏதோ ஒன்று தென்படும். ஏற்கெனவே விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருக்கும் உங்களுக்கு யோசிக்க இன்னொன்று கிடைக்கும்.

மாமியாருக்கு வெயில் ஏறினால் ஒற்றைத் தலைவலி வரும், அன்று சமையலும் உங்கள் தலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைவலிக்கும் படத்தில் அடையாளம் இருக்காது. நம்பாமலா இருக்கிறீர்கள்? அவர் முகத்தைப் பார்த்தே நம்புகிறீர்கள். கயிற்றைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, கையில் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் கோடாங்கியோடுதான் எனக்குச் சண்டை.

இரண்டு மருந்தும் தோற்றனவா?

"இரண்டு மருந்தும் எனக்கு ஒத்துவரவில்லை" என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அப்படிச் சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை. இந்த மருந்துகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, போதிய அளவில், தினமும், நான்கு முதல் ஆறு வாரம் எடுக்க வேண்டும். செர்ட்ரலினுக்கு நீங்கள் கொடுத்தது பதினெட்டு நாள். அந்த வயிற்றுப் பிரட்டல் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், சாப்பிட்ட பிறகு எடுத்தால் இன்னும் குறையும். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பீர்கள். ஃபுளுஒக்செட்டினை விட்டு விட்டு எடுத்ததால் அளவு பாதியானது. நடுவில் ஒன்றரை மாதம் அதுவும் இல்லை. நாற்றை நட்டு, வேர் பிடிக்குமுன் பிடுங்கிப் பார்த்தது போல.

இவை போதைபோலப் பழகும் மாத்திரைகள் அல்ல. திடீரென நிறுத்தினால் சிலருக்குத் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும், அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம். மாமியார் கேட்டால் இதைச் சொல்லுங்கள். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் நாட்களில் படபடப்பு கூடினாலோ, அடித்த அந்த வரி பலமாகத் தோன்றினாலோ உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

முதல் மருந்தே எல்லாருக்கும் சரிவராது என்பதும் உண்மை. 2006இல் முடிவுகள் வெளியான, ஏறக்குறைய 4,000 பேர் பங்கேற்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்தில் முற்றாகத் தேறியவர்கள் மூன்றிலொரு பங்குதான். அடுத்தடுத்த மருந்துகளில் மேலும் பலர் தேறினார்கள், எத்தனை பேர் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் குருட்டு வேலை என்று நினைக்காதீர்கள். நல்ல வைத்தியர் பக்கவிளைவு, தூக்கம், பசி, குடும்பத்தில் யாருக்கு எது கேட்டது என்பதையெல்லாம் பார்த்தே தெரிவு செய்கிறார். தாயோ சகோதரியோ ஒரு மருந்தில் தேறியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அது இலவசத் தகவல்.

படத்துக்குப் பதில் நான் முதலில் கேட்பது இரண்டு இரத்தப் பரிசோதனை: தைரோயிட், ஹீமோகுளோபின். தைரோயிட் சுரப்பி மந்தமானால் அது மனச்சோர்வுபோலவே இருக்கும். இரத்தசோகை நம் தோட்டப் பெண்களிடம் சாதாரணம், களைப்பையும் கவனக்குறைவையும் அதுவும் கூட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன், தோட்டத்துரை மன்னிப்பாராக. முன்பு எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் இருந்ததுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருந்தால் மருந்தின் வகையே மாறும்.

பேச்சு வழிச் சிகிச்சைக்கு நம் பக்கத்தில் ஆள் குறைவு, அதை மறைக்க முடியாது. ஆனால் இங்கிலாந்தில் 2016இல் 440 பேரிடம் செய்த ஆய்வொன்று எனக்கு ஆறுதல் தந்தது. உளவியல் நிபுணர்கள் செய்யும் சிந்தனைச் சிகிச்சைக்கு, இளநிலைப் பணியாளர்கள் கற்றுக்கொடுத்த எளிய செயல்வழிச் சிகிச்சை சளைக்கவில்லை. அதன் சாரம்: மனம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சிறிய வேலையொன்றைக் குறித்த நேரத்தில் செய்வது. மனம் பின்னால் வரும். இஸ்தோப்பில் பால்மா டின்களில் வைத்திருந்த டேலியா வாடிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். நாளை காலை ஆறரைக்கு ஒரு டின்னுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பிடிக்காவிட்டாலும் ஊற்றுங்கள், ஊற்றிய பிறகு கொப்பியில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது டின்.

எப்போது நானே படம் எடுக்கச் சொல்வேன்

படமே வேண்டாம் என்பதல்ல. காரணம் இருந்தால் அரச வைத்தியசாலையிலேயே, டாக்டரின் கடிதத்தோடு எடுக்கலாம். வலிப்பு வந்தால். கை கால் ஒரு பக்கம் பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ. காலையில் எழும்போதே வாந்தியோடு கூடிய, நாளுக்கு நாள் கூடும் தலைவலி இருந்தால். தலையில் அடிபட்ட பிறகு ஆள் மாறிப்போயிருந்தால். அறுபதைத் தாண்டியவருக்கு முதல்முறையாக மனச்சோர்வும் மறதியும் சேர்ந்து வந்தால். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

கொழும்பு நிலையம் மீண்டும் தொலைபேசியில் அழைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த அறிக்கையை வைத்து என் மருந்தை மாற்றப்போகும் வைத்தியர் யார்? அவர் பெயரோடு எழுதித் தருவீர்களா?" "படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன சொல்வீர்கள்?" பதில் வழுக்கினால் வைத்துவிடுங்கள். இது ஆராய்ச்சி என்று சொன்னால் இன்னும் இலகு. முறையான ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் படத்துக்குப் பணம் வாங்கமாட்டார்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், உங்களுக்கு விளங்கும் மொழியில் சம்மதப் பத்திரம் தருவார்கள், நடுவில் விலகிக்கொள்ளலாம். அப்படியொரு ஆய்வு நம் மலைநாட்டுக்கு வந்தால் சேருங்கள். இதுவரை பிடித்த படங்களில் நம்மைப் போன்றவர்களின் மூளை மிகக் குறைவு.

அடுத்த கிளினிக்குக்குள் இதைச் செய்யுங்கள். தினமும் ஒரு வரி: எத்தனை மணிக்கு விழித்தீர்கள், மாத்திரை எடுத்தீர்களா, யோசனை பத்துக்கு எத்தனை, டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா. நீங்கள் புள்ளி போட்டுப் பழகியவர், உங்களுக்கு இது பெரிய வேலையில்லை. ஆறு வாரம் ஒழுங்காக மாத்திரை எடுத்தும் அந்தப் புள்ளி இறங்கவில்லை என்றால், அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ டாக்டருக்கு அந்தக் கொப்பியே காரணம் காட்டும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். இதைத் தம்பிக்கும் சொல்லி, ஓட்டோவுக்கு எண்ணெய்க் காசு தரச் சொல்லுங்கள், கிளினிக் தவறாது.

கணவர் ஓட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கிளினிக் முடியும்வரை வாசலிலேயே நிற்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அரைநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு நிற்கிற மனிதர் உங்களை நம்பாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர், அவ்வளவுதான். இந்தமுறை ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். "இது நோய்தான், சோம்பல் அல்ல, மாத்திரை தினமும் எடுக்க வேண்டும்" என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மாமியாரிடம் அதைப் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அன்புடன்,
உங்கள் டாக்டர் அம்மா